முதற் குடம் யாருக்கு?



சென்ற ஆவணி மாதத்தில் எமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர், குருமடத்தில் எம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த குருவானவர். அறுகம்பேக்கு அதிக தூரமில்லாத ஒரு கரையோரச் சிற்றூரில் இருபது இருபத்தைந்து குடும்பங்களுக்குப் பணி செய்கிறார். கோவில் சிறியது. வளவு பெரியது. வளவின் ஈசான மூலையில் முன்னோர் தோண்டிய ஒரு கிணறு உண்டு. கடலுக்கு இவ்வளவு அருகில் இப்படியொரு நன்னீர் எப்படி வந்ததென்று யாரும் வியப்பார்கள்.

கடிதத்தின் சாரம் இதுதான். கடலலைச் சறுக்கு விளையாட்டுக்கு வரும் வெளிநாட்டாரை நம்பி விடுதி நடத்தும் ஒருவர் பங்குமனைக்கு வந்திருக்கிறார். மே தொடக்கம் செப்டெம்பர் வரை நாளுக்கு இரண்டு பவுசர் தண்ணீர் எடுக்க அனுமதி கேட்கிறார். கொடுக்க முன்வந்த தொகை சிறிதல்ல. ஒழுகிக்கொண்டிருக்கும் பாலர் பாடசாலைக் கூரையை இரண்டு பருவ வருமானத்தில் முழுவதும் மாற்றிவிடலாம். “களவுப் பொருளை விற்கச் சொல்லிக் கேட்கவில்லை, எமது வளவு, எமது கிணறு. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்றும் தெரியவில்லை. நீர் பத்திரிகைக்காரர், நாலும் வாசிப்பவர், சொல்லும் பார்ப்போம்” என்று முடித்திருந்தார்.

நாம் உடனே பதில் எழுதவில்லை. நேரில் போனோம். கடற்கரைப் பக்கமாக நடந்தபோது ஒரு விடுதி முற்றத்தில் இளைஞர் சிலர் கடலிலிருந்து ஏறி வந்து, உப்புப் போகத் தம் உடம்பையும் சறுக்குப் பலகையையும் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழாய் திறந்தபடி கிடந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியூர்ப் பிள்ளைகள், குழாயைத் திருப்பினால் வருவது தண்ணீர் என்ற அளவில்தான் அவர்களுக்குத் தெரியும். இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வேலியோரத்தில் ஒரு முஸ்லிம் தாய் மூன்று கான்களை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றார். “கிணத்துத் தண்ணி கரிக்குது ஃபாதர், சோறாக்க ஏலா. பவுசர் வரும் எண்டாங்க, பாத்துக்கிட்டு நிக்கன்” என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டோம். சிரித்தார்.

வாசகர்களே, இந்தக் கேள்வியை உங்கள் முன்னே வைக்கிறோம். தண்ணீரை விற்கலாமா? விற்கலாமென்றால் எவ்வளவுக்கு, யாருக்கு, எந்த உரிமையில்?

“காற்றும் நீரும் கடவுள் தந்தவை, அவற்றை விற்பது பாவம்” என்று ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம். கேட்க நன்றாயிருக்கும். ஆனால் மேகத்தில் தந்த நீர் குசினிக்கு வருவதற்கு இடையில் யாரோ ஒருவன் தோண்ட வேண்டும், இறைக்க வேண்டும், குழாய் பதிக்க வேண்டும், குளோரின் போட வேண்டும். அவனுக்குப் பிள்ளை குட்டி உண்டு. விவிலியமே இதை அறியும். இணைச்சட்ட நூலில், ஏசாவின் மக்கள் வாழும் நாட்டைக் கடக்கும்போது உணவையும் தண்ணீரையும் பணம் கொடுத்தே வாங்க வேண்டும் என்று இஸ்ராயேலருக்குக் கட்டளை கொடுக்கப்படுகிறது. அயலானின் கிணற்றில் இலவசமாக அள்ள அவர்களுக்கு உரிமை கொடுக்கப்படவில்லை. அதே விவிலியத்தின் புலம்பல் நூலில், சொந்தத் தண்ணீரையே காசு கொடுத்துக் குடிக்க வேண்டியதாயிற்றே என்று தோற்றுப்போன ஒரு மக்களினம் அழுகிறது. இரண்டும் ஒரே செயல்தான். காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவது. ஒன்று நேர்மை, மற்றது அவமானம். அப்படியானால் குற்றம் விற்பனையில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்று தேட, சிறிது தூரம் போய்வர வேண்டியிருக்கிறது. கடல் தாண்டி, எம்மவர் பலருக்கு உறவினர் வாழும் சென்னைக்கு.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. லண்டனுக்குக் கிடைப்பது அதன் பாதியளவுகூட இல்லை. ஆனாலும் தண்ணீருக்கு அலைவது சென்னைதான். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் நிறைந்தால் சுமார் 11 டி.எம்.சி., அதாவது 1,100 கோடி கன அடி நீர் நிற்கும். 2015 டிசெம்பரில் செம்பரம்பாக்கம் நிரம்பி, திறந்துவிட்ட நீர் அடையாற்றங்கரை வீடுகளுக்குள் புகுந்தது. நான்கு ஆண்டு கழியவில்லை, 2019 யூனில் அந்த நான்கு ஏரிகளும் வெடித்த சேற்றுத் தரையாகக் கிடந்தன. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லீற்றர் கொடுக்க வேண்டிய குடிநீர் வாரியம் 52 கோடி அளவுக்கு இறங்கியது. உணவு விடுதிகள் நேரத்தைக் குறைத்தன. கணினி நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. யூலை 12ஆம் திகதி, இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகளில் 25 இலட்சம் லீற்றர் தண்ணீரோடு ஒரு புகைவண்டி வந்து சேர்ந்தது; வில்லிவாக்கத்தில் அதிகாரிகள் மாலை போட்டு வரவேற்றார்கள். 25 இலட்சம் லீற்றர் என்றால் நகரின் ஒரு நாள் தேவையில் ஆயிரத்தில் மூன்று பங்கு! தண்ணீரை அனுப்பிய வேலூர்ப் பக்கத்திலிருந்து, எங்கள் குடத்தை யார் நிரப்புவார் என்ற குரலும் எழுந்தது.

இது முதற்தடவையுமல்ல. 2003 – 2004இல் அந்த நகரின் குழாய் விநியோகம் ஏறக்குறைய ஓராண்டு காலம் நின்றே போயிருந்தது. அந்தக் காலத்தில்தான் வீராணம் ஏரியிலிருந்து குழாய் வந்தது. கூரை மழைநீரைச் சேகரிக்கச் சட்டம் வந்தது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. 1983இல் ஒப்பந்தம் செய்த கிருஷ்ணா நீர் பதின்மூன்று ஆண்டு கழித்து 1996இல் வந்து சேர்ந்தது. எல்லாம் வந்தன. 2019உம் வந்தது.

இதில் எம்மைச் சிந்திக்க வைப்பது ஏரி வறண்டதல்ல. வறண்ட பிறகு நடந்தது. அவ்வாண்டில் ஒரு கோடி மக்கள் வாழும் பட்டணத்தில் யாரும் தாகத்தால் கூட்டங்கூட்டமாகச் சாகவில்லை. தண்ணீர் இருந்தது. ஆனால் குழாயில் இல்லை, லொறியில் இருந்தது. சுற்றுப்புறக் கிராமங்களில் கமக்காரர் தம் கிணற்றில் மோட்டரைப் போட்டு, நெல்லுக்குப் பாய்ச்சுவதை விட்டு, தனியார் லொறிக்கு இறைத்தார்கள். நெல்லில் கிடைக்காத வருமானம் லொறியில் கிடைத்தது. நகரத்து மாடிவீட்டார் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள், முணுமுணுத்தபடி. குடிசைவாசிகளுக்கோ வாரியத்தின் லொறி தெரு மூலைத் தொட்டியை இலவசமாக நிரப்பியது, வரும்போது நிரப்பியது. அவர்கள் கொடுத்த விலை காசு அல்ல, காலம். விடிய மூன்று மணிக்கு எழும்பி வண்ண வண்ணப் பிளாஸ்ரிக் குடங்களை வரிசையில் வைத்த பெண், லொறி பத்து மணிக்கு வந்தால் அன்றைய கூலியை இழந்தாள். லொறி வராவிட்டால் அதே பெண் குடக்கணக்கில் காசுக்கும் வாங்கினாள். லீற்றர் கணக்கில் பார்த்தால், குழாய் வைத்திருப்பவன் கொடுத்ததைவிட மிக அதிகம். குழாய் இணைப்புள்ள வீடுகளில் மிகப் பலவற்றுக்கு மீட்டரே கிடையாது. மாதம் ஒரு நிலையான சிறு கட்டணம், எவ்வளவு எடுத்தாலும் அதே கட்டணம். ஏழைக்கென்று மலிவாக வைத்த தண்ணீர், குழாய் உள்ளவனுக்கே மலிவாயிற்று. ஏழைக்குக் குழாயே இல்லை.

பொருளியல் அறிஞர்கள் இங்கே எழுந்து நின்று, “நாங்கள் அப்போதே சொன்னோம்” என்பார்கள். சரியான விலை வையுங்கள். விலை உயர்ந்தால் வீண்விரயம் குறையும், வரும் பணத்தில் ஒழுகும் குழாயைத் திருத்தலாம், குடிசைக்கும் இணைப்புக் கொடுக்கலாம். இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 1776இல் அடம் ஸ்மித் தம் நூலில் ஒரு புதிரைக் குறித்துவைத்தார். தண்ணீரைவிடப் பயனுள்ளது ஒன்றுமில்லை, அதற்கு விலையில்லை. வைரத்தால் ஒரு பயனுமில்லை, அதன் விலையோ சொல்லி முடியாது. ஏன் என்பதற்கு நூறாண்டு கழித்தே அறிஞர்கள் தெளிவாக விடை கண்டார்கள். விலையைத் தீர்மானிப்பது தண்ணீர் முழுவதன் பயன் அல்ல. கடைசியாகச் சேர்க்கும் குடத்தின் பயனே. நிறைய இருக்கும்போது கடைசிக் குடம் முற்றத்தில் ஊற்றிப் புழுதி அடக்கத்தான் உதவும். ஆகவே மலிவு.

அழகான விடைதான். ஆனால் வாசகர்களே, அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். கடைசிக் குடத்துக்கு ஏற்ற விலையை முதற் குடத்துக்கும் வாங்குகிறோம். தாயொருத்தி பிள்ளைக்குக் கஞ்சி வைக்கும் முதற் குடமும், ஒருவன் காரைக் கழுவும் இருபதாம் குடமும் சந்தையில் ஒரே விலை. சந்தைக்குக் கண் தெரியாது. பணத்தின் சத்தம் மட்டுமே கேட்கும். எமக்குத் தோன்றுவது, முதற் குடமும் இருபதாம் குடமும் பெயரால் மட்டுமே ஒன்று. பொருளால் அவை இரண்டு வேறு பொருட்கள்.

தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் நகரம் 2018இல் இதை ஓரளவு உணர்ந்து நடந்தது. மூன்று ஆண்டு வறட்சியில் அணைகள் வற்ற, குழாய்களை மூடப்போகும் நாளுக்குப் ‘பூச்சிய நாள்’ என்று பெயரிட்டார்கள். பெப்ரவரி தொடக்கம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று எல்லை போட்டார்கள். மேலே போனால் விலை ஏணி ஏறியது. நகரின் பாவனை 2015இல் இருந்ததில் பாதியளவுக்கு இறங்கியது. பூச்சிய நாள் வரவில்லை, மழை வந்தது. இதைப் பெரிய வெற்றியென்றே உலகம் பாராட்டியது. ஆனால் தண்ணீர் விற்பனை குறைய நகரசபையின் வருமானமும் குறைந்தது. ஆகவே குழாயின் பருமனுக்கு ஏற்ப நிலையான கட்டணமொன்றைச் சேர்த்தார்கள். சிக்கனமாயிருந்ததற்குத் தண்டமா என்று மக்கள் கேட்டார்கள். வசதியுள்ளவர்கள் தம் வளவுக்குள் ஆழ்குழாய்க்கிணறு தோண்டிக்கொண்டார்கள். 2023இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அந்நகர மக்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கும் குறைவான வசதியுள்ளோர் மொத்த நீரில் பாதிக்குமேல் எடுக்கிறார்கள். நூற்றுக்கு அறுபத்திரண்டு பேருக்குக் கிடைப்பது 27 வீதம். வறட்சி என்று ஒரு சொல்லைச் சொல்லி எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பது எவ்வளவு பிழை!

அதே நாட்டின் ஜொகன்னஸ்பேர்க்கில், சொவெட்டோவின் பிரி என்ற பகுதியில், வீட்டுக்கு மாதம் 6,000 லீற்றர் இலவசமாகக் கொடுத்து, அதற்குமேல் முற்பணம் கட்டினாலன்றித் தானாக அடைத்துக்கொள்ளும் மீட்டரைப் பூட்டினார்கள். குடியிருப்பாளர் நீதிமன்றம் போனார்கள். 2008இல் உயர்நீதிமன்றம் ஆளுக்கு 50 லீற்றர் கொடுக்க வேண்டும் என்றது. 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம், எத்தனை லீற்றர் என்று அளந்து சொல்வது நீதிபதியின் வேலையல்ல என்று நகரசபையின் பக்கம் தீர்த்தது. அடுத்த ஆண்டே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சுத்தமான குடிநீரை மனித உரிமை என்று அறிவித்தது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் தமது ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலில் அதையே, மற்ற உரிமைகளுக்கெல்லாம் முந்தியது என்ற அழுத்தத்தோடு சொன்னார். உரிமை என்று சொல்லியாயிற்று. எத்தனை குடம், யார் செலவில் என்பதுதான் இன்னும் தீரவில்லை.

எமது நாட்டில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் பாவனை ஏற ஏற அலகுக்கு விலை ஏறும் முறையைத்தான் வைத்திருக்கிறது. நல்ல முறை என்றே சொல்வோம். இதிலும் ஒரு முள் இருக்கிறது. ஒரே வளவில் மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால், ஒவ்வொருவரும் சிக்கனமாகவே எடுத்தாலும் மொத்தம் உயர்ந்து மேல் விலைக்குப் போய்விடும். கல்முனையைப்போல் நெருக்கமாக மக்கள் வாழும் ஊரில், மகளுக்கு வீடு கொடுத்துப் பின்வளவில் பெற்றோர் ஒதுங்கும் வழக்கமுள்ள எம் கரையில், இது சிறிய விடயமல்ல.

நிற்க. இதுவரை வாங்குபவனைப் பார்த்தோம். எமது நண்பரின் சிக்கல் விற்பவனுடையது. அந்தச் சென்னைக் கிராமத்துக் கமக்காரன் பாவியா?

இங்கே அக்குவினாஸ் தோமையார் உதவிக்கு வருகிறார். குருமடத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது தூக்கம் வந்தது; இப்போது வரவில்லை. விற்பவன் தன் பொருளை இழப்பதால் தனக்கு உண்டாகும் நட்டத்தை விலையில் சேர்க்கலாம், அது நியாயம் என்கிறார் அவர். ஆனால் விற்பவனுக்கு நட்டமில்லாதபோது, வாங்குபவனுக்கு அவசரத் தேவை என்பதற்காக விலையை ஏற்றலாகாது. ஏன்? அந்தத் தேவை வாங்குபவனுடையது, விற்பவனுடையதல்ல. தன்னுடையதல்லாததை ஒருவன் விற்க முடியாது. எவ்வளவு நுட்பமான பேச்சு! தாகம் தாகித்தவனின் சொத்து. அதற்கு விலை போடுகிறவன் பிறன் சொத்தை விற்கிறான்.

லொறிக்காரன் இதற்கு மறுப்புச் சொல்வான். கிணறு வற்ற வற்றத் தூரம் போகிறேன், டீசல் எரிக்கிறேன், விலை ஏறாவிட்டால் நான் வரமாட்டேன், நான் வராவிட்டால் உங்கள் மாடியில் தண்ணீர் இல்லை. உண்மைதான். கூடிய தூரத்துக்கும் கூடிய டீசலுக்கும் கூடிய விலையைத் தோமையாரும் மறுக்கமாட்டார். 2019இல் அந்த லொறிகள் ஓடியிராவிட்டால் சென்னையின் நிலை இன்னும் மோசமாகியிருக்கும். அவர்களைத் திட்டுவோர் இதையும் நினைக்க வேண்டும்.

ஆனால் தோமையாரின் அந்த ஒரே வாக்கியம் இன்னொரு பக்கமும் வெட்டுகிறது. தன்னுடையதல்லாததை விற்க முடியாது என்றால், கிணற்றுத் தண்ணீர் யாருடையது? இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலக் காலச் சட்டத்தின் வழியில், நிலத்துக்காரனே தன் நிலத்தின் கீழுள்ள நீருக்கும் உரியவன் என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. சட்டம் எழுதியவர்களுக்கு நிலத்துக்கு வேலி தெரிந்தது. நிலத்தின் கீழ் வேலியில்லை என்பது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கவலையில்லை. நான் என் கிணற்றில் இறைத்தால் வருவது என் அயலானின் காணிக்குக் கீழிருந்து வடிந்து வரும் நீர். அவன் கிணறு கரைகட்டிக் காய்கிறது. அவனுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை.

கடற்கரையில் இது இன்னும் கடுமை. எங்கள் மணற்பாங்கான கரையில் நன்னீர் நிலத்தின் கீழ் உப்புநீரின் மேலே மிதந்து நிற்கிறது, பாலின் மேல் ஆடைபோல. உப்புநீர் சற்றுப் பாரமானது. நன்னீர் ஆயிரம் கிராம் என்றால் அதே அளவு கடல்நீர் 1,025 கிராம். இதிலிருந்து அறிஞர்கள் கண்ட கணக்கு: கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி மேலேறத் தொடங்கும். ஒன்றுக்கு நாற்பது! 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்து எம் கரைக் கிணறுகளை நிரப்பியபின், நல்ல மனதோடு வந்தவர்கள் மோட்டர் போட்டுத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தார்கள். அளவுக்குமேல் இறைத்த இடங்களில் கீழிருந்து உப்பு மேலேறியது. இறைக்காதீர்கள், மழை கழுவட்டும் என்று நிபுணர்கள் பின்னர் சொன்னார்கள். நன்மை செய்வதற்குக்கூட அந்த ஒன்றுக்கு நாற்பது தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

எமது நண்பரின் மனம் ஏன் ஒப்பவில்லை என்பது இப்போது எமக்கு விளங்கியது. விலை அதிகமானதால் அல்ல. விடுதிக்காரர் தாகித்து வந்தவரல்ல; அவரிடம் நல்ல விலை வாங்கினால் தோமையார் கோபிக்கமாட்டார். ஆனால் பவுசரில் ஏறப்போகும் நீரில் எவ்வளவு வளவுக்குரியது, எவ்வளவு வேலிக்கு அப்பால் கான் வைத்துக்கொண்டு நின்ற அந்தத் தாயுடையது? அந்தத் தாயின் கிணறு ஏற்கெனவே கரிக்கிறது.

திரும்பும் வழியில் கல்முனையில் ஒரு தேநீர்க் கடையில் முஸ்லிம் பெரியவர் ஒருவரோடு இதைப் பேசினோம். “எங்கட ஹதீஸில் இருக்கு ஃபாதர், தண்ணி, புல்லு, நெருப்பு மூணுலயும் எல்லாரும் பங்காளி” என்றார். பிறகு மதீனாவின் றூமா கிணற்றின் கதையைச் சொன்னார். ஊரில் நல்ல நீர் உள்ள கிணறு அது. உரிமையாளர் காசுக்கு விற்றார், ஏழைகள் வாட, நபிகள் நாயகம் அவர்கள் அதை வாங்கி மக்களுக்குக் கொடுப்பார் யார் என்று கேட்டார்கள். உதுமான் அவர்கள் முன்வந்தார். உரிமையாளர் முழுவதையும் விற்கச் சம்மதிக்கவில்லை. பாதியை, அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற உரிமையை விற்றார். உதுமான் தமது நாளில் இலவசம் என்று அறிவித்தார். மக்கள் அன்றே இரண்டு நாளுக்கும் அள்ளிக்கொண்டார்கள். மற்ற நாளில் உரிமையாளரிடம் யாரும் வரவில்லை. கடைசியில் மீதிப் பாதியையும் விற்றுவிட்டார். பெரியவர் இதைச் சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாமும் சிரித்தோம். சந்தையை ஒழிக்க உதுமான் அவர்கள் வாள் எடுக்கவில்லை. சந்தைக்குள்ளேயே காசு கொடுத்து நுழைந்து, முதற் குடத்தைச் சந்தையிலிருந்து வெளியே கொண்டுவந்தார். யாக்கோபின் கிணற்றடியில், அள்ள வாளியில்லாமல் ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட நம் ஆண்டவரையும் அப்போது நினைத்துக்கொண்டோம். அங்கே அவர் கொடுப்பவராக அல்ல, கேட்பவராகவே முதலில் நின்றார்.

இப்படியெல்லாம் மதீனாவுக்கும் கேப் ரவுணுக்கும் போக வேண்டுமா, எம் மாவட்டத்தில் ஒன்றுமில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கத்துக் குழாய்களில் வரும் நீர், அம்பாறையில் கொண்டவட்டுவான் குளத்தருகே சுத்திகரிக்கப்பட்டு வருவது. கல்லோயாத் திட்டத்தோடு இணைந்த நீர். அந்தக் கல்லோயா இடதுகரையில் 1981இல் என்ன நடந்தது தெரியுமா? சேனநாயக்க சமுத்திரத்தில் காற்பங்கு அளவே நீர். மேல்வாய்க்காலில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள். கடைவாய்க்காலில் தமிழ் பேசும் கமக்காரரும். வாய்க்காற் கதவுகள் உடைந்து, ஒருவரை ஒருவர் நம்பாது, இரவில் மண்வெட்டியோடு காவலிருந்த காலம். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சில இளைஞரை அங்கே அனுப்பின. அவர்கள் சீமெந்து கொண்டுபோகவில்லை. வாய்க்கால் வாய்க்காலாக மக்களைக் கூட்டிப் பேசவைத்தார்கள். சில வாரங்களுக்குள் மேல்வாய்க்காலார் தாமே தூர் வாரினார்கள், முறை வைத்தார்கள், தமக்குக் கிடைத்த நாளில் மிச்சம் பிடித்துக் கடைக்கோடிக்கு அனுப்பினார்கள். யாரும் விலை பேசவில்லை, யாரும் சட்டம் போடவில்லை. இதைக் கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொவ் 1992இல் ஒரு நூலாகவே எழுதினார். தீராப் பகை என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் நடந்தது இது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் அம்மண் பட்ட பாடு வேறு. ஆயினும் நடந்தது நடந்ததுதான்.

ஒரு பெரிய பட்டணத்தில் இது முடியுமா என்ற ஐயம் எமக்கும் உண்டு. வாய்க்காலில் இருபது பேர், முகம் தெரியும். சென்னையில் ஒரு கோடிப் பேர். லொறி ஏற்றிவரும் கிராமத்தின் பெயர்கூட வாங்குபவனுக்குத் தெரியாது. முகம் தெரியாத இடத்தில் மீட்டரும் விலையும் சட்டமும் தேவை. அதை மறுப்பது வெறும் உணர்ச்சி. அறுகம்பே இன்னும் முகம் தெரிகிற அளவில்தான் இருக்கிறது என்பது எம் நண்பருக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

அவருக்கு இப்படி எழுதினோம்: அந்தக் கிணற்றை எமது கிணறு என்று எண்ணாதேயும், எமது பொறுப்பில் உள்ள கிணறு என்று எண்ணும். வேலிக்கு வெளியே ஒரு குழாய் வையும். விடுதிக்காரரையும் துரத்திவிடாதேயும், அவரிடம் இந்தக் கரையின் பிள்ளைகள் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அவரையும் அயலாரையும் ஒன்றாக அழைத்துப் பேசும்.

பங்குச் சபை கூடியதாம். காரசாரமாகவே பேசினார்களாம். கூரை ஒழுகும்போது தண்ணீரை வைத்துக்கொண்டு தருமம் பேசுகிறோமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதிலும் நியாயமுண்டு, அவர் பிள்ளை அந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. ஈற்றில், காலை இரண்டு மணி நேரம் வெளிக்குழாய் யாவருக்கும் திறந்திருக்கும் என்றும், பவுசர் இப்பருவத்தில் இல்லை என்றும் முடிவாயிற்று. விடுதிக்காரர் கோபத்தோடு எழுந்து போனவர், மூன்றாம் நாள் திரும்பி வந்து, குளியலறைத் தண்ணீரை மணலில் வடித்து மரத்துக்கு விடும் குழி ஒன்று தோண்ட இடம் காட்டச் சொன்னாராம். கூரைக்கு ஐந்து தகரமும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தந்தாரோ தெரியாது.

கிணற்றுக் கயிற்றில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். நீர் அந்தத் துணிக்குக் கீழே இறங்கினால் மோட்டரை நிறுத்துவது என்று ஏற்பாடு. நண்பர் கடைசியாக எழுதியபோது துணிக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. மாரி மழை தொடங்க இன்னும் ஆறு வாரம்.